பரிணாமத்தைக் கணக்காகப் படிப்போம்



1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகத்துக் குமாஸ்தா ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைப் பிரித்துப் படித்த ஜி. எச். ஹார்டியை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் விலங்கியல் மாணவர்களுக்கு அவரை வேறு வழியிலும் தெரிந்திருக்க வேண்டும். ராமானுஜன் கடிதத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அவர் மரபியல் புத்தகத்துக்குள் நுழைந்துவிட்டார். 'ஹார்டி - வீன்பெர்க் விதி' என்று மனப்பாடம் செய்கிறீர்களே, அந்த ஹார்டியும் இந்த ஹார்டியும் ஒருவர்தான்.

நடந்தது இது. 1908இல் ரெஜினால்ட் புன்னெட் என்கிற மரபியலாளர் லண்டனில் மருத்துவர்கள் முன்னிலையில் மெண்டலின் விதிகளைப் பற்றிப் பேசினார். புன்னெட் கட்டம் போடுகிறீர்களே, அதே புன்னெட். விரல்கள் குட்டையாக இருக்கும் ஒரு பிறவிக் குறையை உதாரணம் காட்டினார். அது ஓங்கு பண்பு. அப்போது ஒரு கேள்வி எழுந்தது: ஓங்கு பண்பு என்றால், நாளடைவில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஊரில் முக்கால்வாசிப் பேர் குட்டை விரலோடு இருக்க வேண்டாமா? ஏன் இல்லை? புன்னெட்டிடம் பதில் இல்லை. கேம்பிரிட்ஜில் தன்னோடு கிரிக்கெட் ஆடும் ஹார்டியிடம் போய்க் கேட்டார். ஹார்டிக்கு அது ஒரு கணக்காகவே தோன்றவில்லை. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும் என்கிற தோரணையில் 'சயன்ஸ்' இதழுக்குச் சிறு கடிதம் எழுதி விஷயத்தை முடித்துவிட்டார். ஓங்கு பண்பு என்பதால் மட்டும் எதுவும் பெருகாது. ஒடுங்கு பண்பு என்பதால் மட்டும் எதுவும் அருகாது. வெளியிலிருந்து ஒன்றும் குறுக்கிடாதவரை அல்லீல்களின் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களின்) பங்கு தலைமுறை தலைமுறையாக அப்படியே இருக்கும். அதே ஆண்டில் சில மாதங்கள் முந்தியே ஜெர்மனியில் வில்ஹெல்ம் வீன்பெர்க் என்ற மருத்துவரும் இதைச் சொல்லியிருந்தார். உலகம் அதைக் கவனிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்த ஹார்டிதான் 1940இல் எழுதிய புத்தகத்தில், தான் கண்டுபிடித்த எதுவும் உலகத்துக்கு நல்லதோ கெட்டதோ செய்ததில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டார். இன்று மரபியல் ஆலோசனை தரும் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், 'எங்கள் குழந்தைக்கு இந்த நோய் வருமா டாக்டர்?' என்ற கேள்விக்குப் பின்னால் அவருடைய சமன்பாடு உட்கார்ந்திருக்கிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம் பல்கலைக்கழகங்களில் மரபியலும் பரிணாமமும் இரண்டு செமஸ்டர்களில், இரண்டு பேப்பர்களாக, ஒன்றையொன்று எட்டிப் பார்க்காமல் நடக்கின்றன. பரிணாமப் பேப்பரில் லாமார்க், டார்வின், டி விரீஸ், பிறகு குதிரையின் குளம்பு. மரபியல் பேப்பரில் 9:3:3:1, பழ ஈ, இரத்த வகை. இரண்டிலும் முதல் வகுப்பு வாங்கிய மாணவரிடம் 'இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார். தவறு அவருடையதல்ல. பரிணாமத்தை நாம் வரலாற்றுப் பாடம் போலச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். யார் எந்த ஆண்டில் என்ன சொன்னார், யார் அதை மறுத்தார்! அது கணக்கிடக்கூடிய அறிவியல் என்பதைச் சொல்லவே இல்லை.

சம்பந்தம் இதுதான். டார்வினின் காலத்தில், பெற்றோரின் பண்புகள் இரண்டு சாயங்கள் போல ஒன்றில் ஒன்று கரைந்து பிள்ளைக்கு வருகின்றன என்று நம்பினார்கள். 1867இல் பிளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் இதை வைத்தே டார்வினை மடக்கினார். ஒரு நல்ல மாறுபாடு தோன்றினாலும் அடுத்த தலைமுறையில் பாதி, அதற்கடுத்து கால் என்று கரைந்துபோகுமே, இயற்கை எதைத் தேர்ந்தெடுக்கும்? நியாயமான கேள்வி. டார்வினிடம் சரியான பதில் இல்லை. பதில் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே பிர்னோ நகரில் பட்டாணிச் செடிகளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு துறவியின் கட்டுரையில் இருந்தது. மரபுக்கூறுகள் கரைவதில்லை, கலையாமல் அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. ஹார்டியின் சமன்பாடு இதைக் கணித மொழியில் சொல்கிறது: மாறுபாடு தானாக அழியாது. ஒன்றும் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லும் சமன்பாடு அது. அந்த எதிர்பார்ப்பிலிருந்து நிஜம் விலகும் இடத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். இயற்கைத் தேர்வாக இருக்கலாம், சடுதி மாற்றமாக இருக்கலாம், குடிபெயர்வாக இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். எவ்வளவு விலகல், எந்த வேகத்தில் என்று கேட்பதே மேற்படிப்பு. ஃபிஷர், ஹால்டேன், ஸீவல் ரைட் மூவரும் 1918க்கும் 1932க்கும் இடையில் கட்டியெழுப்பியது அந்தக் கணக்குத்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

கதிர் அரிவாள் இரத்தசோகையை எல்லோரும் படித்திருப்பீர்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிடுகிறது. இந்த ஒற்றை மாற்றத்தை 1957இல் வெர்னான் இங்கிராம் காட்டினார். இரண்டு பெற்றோரிடமிருந்தும் அந்த அல்லீல் வந்தால் குழந்தைக்கு நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் இல்லை. கூடவே மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. இரத்த நோய்களுக்கும் மலேரியாவுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கலாம் என்று தாலசீமியாவை வைத்து 1949இல் ஹால்டேன் எழுதினார். கதிர் அரிவாள் விஷயத்தில் ஆன்டனி ஆலிசன் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சான்றுகளோடு அதை நிறுவினார்.

இப்போது கணக்கு. மலேரியா மிகுந்த ஓர் ஊரில் 121 குழந்தைகள் பிறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 பேரிடம் இரண்டுமே சாதாரண அல்லீல்கள். 20 பேரிடம் ஒன்று சாதாரணம், ஒன்று கதிர் அரிவாள். ஒரே ஒரு குழந்தையிடம் இரண்டுமே கதிர் அரிவாள். மொத்தம் 242 அல்லீல்கள். அவற்றில் 220 சாதாரணம், 22 கதிர் அரிவாள். அந்த நூறு பேரில் பத்துப் பேரை மலேரியா கொண்டுபோகிறது. நோயுள்ள அந்த ஒரு குழந்தையும், மருத்துவ வசதி இல்லாத காலத்தில், பிழைப்பதில்லை. இருபது பேர் தப்பிக்கிறார்கள். எத்தனை சாதாரண அல்லீல்கள் போயின? இருபது. 220இல் இருபது, அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. கதிர் அரிவாள் அல்லீல்கள் எத்தனை போயின? இரண்டு. 22இல் இரண்டு, அதுவும் பதினொன்றில் ஒரு பங்கு!

இரண்டு பக்கமும் இழப்பு சமம். ஆகவே அடுத்த தலைமுறையிலும் அதே விகிதம், அதற்கடுத்ததிலும் அதே விகிதம். குழந்தையைக் கொல்லும் ஓர் அல்லீலை இயற்கை ஏன் ஒழிக்கவில்லை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. யாரும் திட்டமிடவில்லை. நோயையும் பாதுகாப்பையும் தராசில் வைத்து நிறுக்கவும் இல்லை. இரண்டு வகைச் சாவுகள் ஒரே வேகத்தில் நடக்கின்றன, அவ்வளவுதான். 'இனத்தின் நன்மைக்காக இயற்கை செய்த ஏற்பாடு' என்று தேர்வில் எழுதும் மாணவர்கள் உண்டு. அந்த ஒரு குழந்தையின் தாயிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இது ஆப்பிரிக்கச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 1952இலேயே ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இந்த அல்லீலைக் கண்டு அறிவித்தார்கள். வயநாடு - கூடலூர் வட்டாரம் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனது என்பதை அங்கே பாட்டன் காலத்திலிருந்து வாழ்பவர்கள் சொல்வார்கள். இந்தியாவில் இது தனியாகத் தோன்றிய சடுதி மாற்றம் என்று 1980களில் எழுதினார்கள். 2018இல் வந்த ஒரு மரபணுத்தொகுதி ஆய்வு, எல்லாம் ஆப்பிரிக்காவில் ஒரே ஒருமுறை தோன்றியதன் வழிவந்தவையே என்று வாதிட்டது. விவாதம் முடியவில்லை. இப்படி முடியாத விவாதங்களை வகுப்பில் வைத்துப் பேசுவதுதான் மேற்படிப்பு. முடிந்ததை மட்டும் படிக்க வழிகாட்டிப் புத்தகம் போதும்.

இந்திய அரசு 2023இல் கதிர் அரிவாள் இரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, 2047ஐ இலக்காக வைத்திருக்கிறது. மலேரியா போய்விட்டால் அந்த அல்லீலும் தானாகப் போய்விடாதா என்று கேட்கலாம். அதற்கும் கணக்கு இருக்கிறது. இரண்டு பிரதிகளும் உடையவர்கள் ஒருவர்கூடப் பிள்ளை பெறவில்லை என்று வைத்துக்கொண்டால், அல்லீலின் பங்கு பதினொன்றில் ஒன்றிலிருந்து அடுத்த தலைமுறையில் பன்னிரண்டில் ஒன்றாகும். பிறகு பதின்மூன்றில் ஒன்று, பதினான்கில் ஒன்று. பின்னத்தின் பகுதியெண் தலைமுறைக்கு ஒன்று வீதம் கூடும். பாதியாகக் குறைந்து இருபத்திரண்டில் ஒன்றாக வேண்டுமானால் பதினொரு தலைமுறைகள், ஏறத்தாழ 275 ஆண்டுகள். இன்று மருத்துவத்தால் அவர்கள் வாழ்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள் என்பதால் இன்னும் மெதுவாகத்தான் குறையும். அதனால் 2047க்குள் அல்லீல் ஒழியாது. நோயோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பிறந்தவர்களை நன்றாக வாழவைக்கலாம். இரண்டுமே செய்ய வேண்டியவை.

இதே பின்னத்தை வைத்து இன்னொரு கணக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'மனவளர்ச்சி குன்றியவர்களுக்குக் கருத்தடை செய்துவிட்டால் இனம் தூய்மையாகிவிடும்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அது ஒடுங்கு பண்பு என்ற அவர்களுடைய எடுகோளையே ஏற்றுக்கொள்வோம் (அதுவே தவறு). நூற்றில் ஒருவருக்கு இருக்கும் குறையை லட்சத்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைக்க எத்தனை காலம் ஆகும்? அல்லீல் பத்தில் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 316இல் ஒன்றுக்கு வரவேண்டும். 306 தலைமுறைகள், ஏழாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல். 1917இல் புன்னெட்டே இதைக் கணக்கிட்டு வெளியிட்டார். பத்து ஆண்டு கழித்து, 1927இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. ஃபிஷரைப் போன்ற மாமேதையும் அந்த இனமேம்பாட்டுக் கொள்கையின் பக்கம்தான் நின்றார். கணக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் கணக்கைக் கேட்பவர்கள் என்று சொல்ல முடியாது.

அடுத்து, கல்யாணத்துக்கு வருவோம். (சிரிப்பு)

தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை சொந்தத்துக்குள் நடப்பவை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. மாமன் மகள், அத்தை மகன். பல குடும்பங்களில் தாய்மாமனே மாப்பிள்ளை. மரபியல் புத்தகத்தில் உட்கலப்புக் கெழு என்று ஒரு பகுதி வரும். அதற்கு நாம் குதிரை, நாய் உதாரணம் சொல்லி நடத்துகிறோம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது!

அக்காள் மகளை மணந்தவரின் குழந்தைக்கு இந்தக் கெழு எட்டில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் பதினாறில் ஒன்று. அதாவது, ஏதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு. நூறு அல்லீல்களில் ஒன்று பழுது என்று வைத்துக்கொண்டால், உறவில்லாத தம்பதியருக்கு நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. முறைப்பெண்ணை மணந்தவருக்கு ஏறத்தாழ 1,400இல் ஒன்று. தாய்மாமன் திருமணத்தில் ஏறத்தாழ 750இல் ஒன்று. பதின்மூன்று மடங்கு என்று சொல்லிப் பயமுறுத்தலாம். 750இல் 749 குழந்தைகளுக்கு அந்த நோய் இல்லை என்று சொல்லி ஆறுதலும் படலாம். இரண்டும் ஒரே எண்தான். அல்லீல் இன்னும் அரிதாக இருந்தால் மடங்கு இன்னும் கூடும். பத்தில் ஒன்று என்ற அளவுக்குப் பரவலாக இருந்தால் தாய்மாமன் திருமணத்திலும் இரண்டு மடங்குதான். அரிய நோய்களில்தான் சொந்தக் கல்யாணத்தின் விலை தெரியும்.

இங்கே ஒரு சுவையான வாதம் உண்டு. பல நூற்றாண்டுகளாக இப்படியே மணம் செய்து வந்தால், தீய ஒடுங்கு அல்லீல்கள் வெளிப்பட்டு வெளிப்பட்டு, கழிந்துபோயிருக்க வேண்டாமா? 1960களில் மரபியலாளர் சங்வி இதை முன்வைத்தார். 1970களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவும் இன்பராஜும் வட ஆற்காட்டு வட்டாரத்தில் பெரிய அளவில் குடும்பங்களை ஆராய்ந்து, உறவுமணத்தால் கருத்தரிப்பிலோ குழந்தை இறப்பிலோ பெரிய வேறுபாடு எதையும் காணவில்லை. இதைச் சொன்னால் சிலர் 'பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் முட்டாள்களில்லை' என்று கிளம்பிவிடுவார்கள். அவசரப்படக் கூடாது. மொத்த இறப்பு எண்ணிக்கையில் தெரியாதது, தனித்தனி நோய்களில் தெரியும். புதிய சடுதி மாற்றங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் பிறந்துகொண்டே இருக்கின்றன. பிறவிக் காதுகேளாமை, வளர்சிதை மாற்றக் குறைபாடுகள் ஆகியவற்றுக்காக மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் குடும்ப விவரத்தில் உறவுமணம் மீண்டும் மீண்டும் வருகிறது.

'எங்கள் வீட்டில் சொந்தத்தில் செய்யவே மாட்டோம், வெளியில்தான் எடுப்போம்' என்பவர்களுக்கும் ஒரு சொல். வெளியில் என்றால் எங்கே? அதே சாதியில். அந்தச் சாதி சில நூறு பேரிலிருந்து பெருகியதாக இருந்தால், அறிமுகமே இல்லாத மாப்பிள்ளையும் பெண்ணும்கூட மரபணுக் கணக்கில் தூரத்துச் சொந்தம்தான். 2009இல் டேவிட் ரைக், ஹைதராபாத்தின் தங்கராஜ், லால்ஜி சிங் முதலியோர் சேர்ந்து வெளியிட்ட 'நேச்சர்' கட்டுரை இதைத்தான் எண்களில் காட்டியது. ஆந்திரத்தை மையமாகக் கொண்ட, தமிழ்நாட்டிலும் பரவியுள்ள வைசியர் சமூகத்தில் நூறு தலைமுறைகளுக்கும் மேலாக வெளிக்கலப்பு மிகக் குறைவாகவே இருந்திருக்கிறது. 2017இல் வந்த தொடர் ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்ததில் 81 குழுக்களின் நிறுவனர் விளைவு (ஒரு சிலரிலிருந்தே பெருகியதன் தாக்கம்) ஃபின்லாந்து மக்களுடையதையும் அஷ்கெனாசி யூதர்களுடையதையும் விஞ்சியது. ஃபின்லாந்தும் அஷ்கெனாசிகளும்தான் நம் பாடப்புத்தகங்களில் உதாரணம்! நம் தெருவில் இருப்பது புத்தகத்தில் இல்லை.

வைசியர் விஷயத்தில் இது வெறும் ஏட்டுச் செய்தியல்ல. அறுவைச் சிகிச்சைக்கு முன் தசைகளைத் தளர்த்த சக்சமெத்தோனியம் என்ற மருந்தைச் செலுத்துவார்கள். இரத்தத்தில் உள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். அந்த நொதி அறவே இல்லாதவருக்குச் சில மணி நேரம்கூட மூச்சுத் தசைகள் இயங்காது. வெண்டிலேட்டரில் வைத்திருந்தால் பிழைப்பார். இந்தக் குறை வைசியர் சமூகத்தில் மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதையும், அதற்குக் காரணமான சடுதி மாற்றத்தையும் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006இல் விரிவாக எழுதினார்கள்.

இதில் ஒரு பரிணாமப் பாடம் இருக்கிறது. அந்த மருந்து 1950களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் நூறு தலைமுறைகளாக நொதி இல்லாதவர்கள் மற்றவர்களைப் போலவே வாழ்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். இயற்கைத் தேர்வின் கண்ணில் அந்த அல்லீல் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. வெறும் தற்செயலால் பெருகியது. ஒரு மருந்துப் புட்டி வந்ததும் உயிருக்கு ஆபத்தாயிற்று. மரபணு மாறவில்லை, சூழல்தான் மாறியது.

தற்செயலின் ஆட்சியைக் கணிதமாக்கியவர் மோட்டோ கிமுரா, 1968இல். அவருடைய நடுநிலைக் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரிக் கணக்கு உண்டு. மக்கள்தொகை பெரிதாக இருந்தால் புதிய சடுதி மாற்றங்கள் அதிகம் பிறக்கும். ஆனால் பெரிய கூட்டத்தில் ஒவ்வொன்றும் இறுதியில் எல்லோருக்கும் பரவி நிலைபெறும் வாய்ப்பு அதே அளவுக்குக் குறையும். இரண்டையும் பெருக்கினால் மக்கள்தொகை அடிபட்டுப் போய்விடுகிறது! மிஞ்சுவது சடுதி மாற்றத்தின் வேகம் மட்டும். யானைக் கூட்டமானாலும் எறும்புப் புற்றானாலும், நடுநிலை மாற்றங்கள் சேரும் வேகத்துக்கும் கூட்டத்தின் அளவுக்கும் தொடர்பில்லை. மூலக்கூறுக் கடிகாரம் என்று நாம் படிப்பதன் அடிப்படை இதுதான். இரண்டு உயிரினங்கள் எப்போது பிரிந்தன என்று டிஎன்ஏயை வைத்துச் சொல்வதெல்லாம் இங்கே தொடங்குகிறது.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது என்று 2009இல் தண்டபாணியும் குழுவினரும் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் எழுதினார்கள். இதயநோயுடன் அதைத் தொடர்புபடுத்தினார்கள். நோய் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் வருவதால், அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகிறார்கள், தேர்வின் கை அதை எட்டுவதில்லை என்பது விளக்கம். பின்னால் வந்த ஆய்வுகள், அந்த விடுபாட்டோடு சேர்ந்துவரும் வேறொரு மாற்றம்தான் குற்றவாளியாக இருக்கலாம் என்கின்றன. எம்.எஸ்ஸி. செமினாருக்கு அருமையான தலைப்பு.

மரபணுவை வைத்துப் பெருமை பேசுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற மிகப் பழைய குறியீட்டை ஒய் குரோமோசோமில் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக வந்த முதல் குடிபெயர்வின் தடயம் அது என்று விளக்கினார்கள். நல்ல ஆய்வு. அதற்குப் பிறகு 'இந்தியாவின் முதல் மனிதன் எங்கள் ஊர், எங்கள் சாதி' என்று ஆரம்பித்துவிட்டார்கள். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள். அவற்றில் ஒய் குரோமோசோம் காட்டுவது ஒரே ஒருவரின் பாதையை. மிச்சம் 1,023 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று அது ஒன்றும் சொல்லாது. இதைத் தெரிந்துகொள்ள எந்தப் பட்டமும் வேண்டாம். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் போதும்.

இனி, எப்படிப் படிப்பது? நம் மாணவர்களில் பலர் கணக்குக்குப் பயந்து பிளஸ் ஒன்னில் பியூர் சயின்ஸ் குரூப் எடுத்து, அங்கிருந்து விலங்கியலுக்கோ உயிர்த்தொழில்நுட்பத்துக்கோ வந்தவர்கள். மேற்படிப்பில் கணக்கு காத்துக்கொண்டிருக்கிறது. இன்று நான் போட்ட எல்லாக் கணக்கும் கூட்டல், பெருக்கல், பின்னம்தான் என்பதைக் கவனியுங்கள். இதற்கு மேல் நிகழ்தகவும் கொஞ்சம் புள்ளியியலும் வேண்டும். 'ஆர்' அல்லது பைத்தான், இரண்டில் ஒன்று வேண்டும், இரண்டும் இலவசம். பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: ரெக்கார்டு நோட்டில் குதிரைக் குளம்பை வரையச் சொல்வதை நிறுத்திவிட்டு, ஓர் இனத்தொகையை நூறு தலைமுறை கணினியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கூட்டத்தில் ஓர் அல்லீல் தள்ளாடித் தள்ளாடி அழிவதை ஒருமுறை கண்ணால் பார்த்த மாணவருக்கு மரபியல் நகர்வை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

மத்திய அரசின் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியபோது 2023இல் நாடு முழுவதும் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். நம் மாநிலப் பாடநூலில் அது இருக்கிறது. இருப்பதை ஒழுங்காக நடத்துகிறோமா என்பது வேறு கேள்வி.

ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை, நிதி இல்லை என்பார்கள். ஹால்டேன் 1957இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார், 1961இல் இந்தியக் குடிமகனானார், 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தார். இறந்த பின் உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அவர் தன்னைச் சுற்றிச் சேர்த்துக்கொண்ட இந்திய இளைஞர்கள் செய்த வேலைகளைப் பாருங்கள். ராய் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். துரோணம்ராஜு உண்ணிப்பூச் செடியில் எந்த நிறப் பூவுக்கு எந்த வண்ணத்துப்பூச்சி வருகிறது என்று குறித்தார். ஆந்திரத்தின் உறவுமணங்களைக் கணக்கெடுத்தார். டேவிஸ் தென்னை மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். தென்னையின் மட்டைகள் சில மரங்களில் இடப்பக்கமாகச் சுழல்கின்றன, சிலவற்றில் வலப்பக்கமாக. இடச்சுழித் தாய்மரத்தின் பிள்ளைகள் இடச்சுழியா என்று எண்ணிப் பார்த்து, இல்லை, இந்தப் பண்பு மரபுவழி வருவதில்லை என்று 1962இல் கட்டுரை எழுதினார். செலவு என்ன? பென்சில், நோட்டு, தென்னந்தோப்பு.

அந்தக் கட்டுரை வந்த 'ஜர்னல் ஆஃப் ஜெனடிக்ஸ்' உலகின் மிகப் பழைய மரபியல் இதழ்களில் ஒன்று. ஹால்டேன் அதைத் தன்னோடு இந்தியாவுக்கே கொண்டுவந்துவிட்டார். இன்று பெங்களூரில் இந்திய அறிவியல் அகாடமி அதை நடத்துகிறது. பழைய தொகுதிகளை அகாடமியின் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். டேவிஸின் கட்டுரையைத் தேடி எடுத்துப் படியுங்கள். படித்துவிட்டு, உங்கள் ஊர்த் தோப்பில் பத்து மரத்தையாவது எண்ணிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.